தர்மாமீட்டருக்குத் தெரியாத வெப்பம்

அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் ஒரு தர்மாமீட்டரையும் தொங்கவிடுங்கள். (காய்ச்சல் பார்க்கிற தர்மாமீட்டர் வேண்டாம், அது 42 டிகிரியோடு சரி. ஆய்வகங்களில் இருக்கும், 110 டிகிரி வரை காட்டும் வகை வேண்டும்.) 30-ல் தொடங்கி 40, 60, 80 என்று ஏறிக்கொண்டே போகும். 100 வந்ததும் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். அதோடு சரி. அதற்கப்புறம் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும், கடைசிச் சொட்டு வற்றும்வரை தர்மாமீட்டர் 100-லேயே நிற்கும்.

கீழே நெருப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. கேஸ் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. வெப்பம் பாத்திரத்துக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் வெப்பநிலை ஏறவில்லை. அப்ப, உள்ளே போன வெப்பம் எங்கதான் போச்சு?

பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு வரியில் பதில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியிருப்போம்: 'நிலை மாற்றத்தின்போது வெப்பநிலை மாறாது; அப்போது ஏற்கப்படும் வெப்பம் உள்ளுறை வெப்பம் எனப்படும்.' சரியான பதில்தான். ஆனால் இந்த ஒரு வரிக்குள் இட்லி வேகிற விதமும், பானைத் தண்ணீர் குளிர்வதும், கோடையில் ஒருவர் சுருண்டு விழுவாரா மாட்டாரா என்பதும் அடங்கியிருக்கின்றன. கடைசியாகச் சொன்னதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். அங்கே போய்ச்சேர, அடுப்படியிலிருந்தே கிளம்பலாம்.

ஒரே சொல், இரண்டு பொருள்

பேச்சுத் தமிழில் நமக்கு 'சூடு' என்று ஒரே சொல்தான். காபி சூடா இருக்கு, வெயில் சூடு, உடம்பு சூடு. பாடப்புத்தகம் இதை இரண்டாகப் பிரிக்கிறது: வெப்பம், வெப்பநிலை. கேட்க ஒன்றுபோலவே இருப்பதால், ரெண்டும் ஒன்றுதான் என்று பலரும் விட்டுவிடுகிறோம்.

தீபாவளிக் கம்பி மத்தாப்பை நினைத்துப் பாருங்கள். அதிலிருந்து தெறிக்கும் பொறிகளின் வெப்பநிலை 1000 டிகிரிக்கு மேல். அவை கையில் பட்டால் சுருக்கென்று ஒரு குத்தல், அவ்வளவுதான். 80 டிகிரியில் இருக்கும் ஒரு வாளி வெந்நீர் மேலே கொட்டினால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். பொறியின் வெப்பநிலை பல மடங்கு அதிகம். ஆனால் அது தூசி அளவுத் துகள், அதனிடம் கொடுப்பதற்கு வெப்பம் கொஞ்சம்தான் இருக்கிறது. வாளித் தண்ணீரிடம் ஏராளமாக இருக்கிறது.

ஒரு பொருளின் மூலக்கூறுகள் சராசரியாக எவ்வளவு வேகமாக ஆடிக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருக்கின்றன என்பதன் அளவு, வெப்பநிலை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் ஆற்றல், வெப்பம். தர்மாமீட்டர் அளப்பது முதலாவதை மட்டும்தான். இரண்டாவதைப் பற்றி அதற்கு நேரடியாக ஒன்றும் தெரியாது.

வெப்பத்தை எண்ணுவதற்கு ஓர் அலகு வேண்டும். கலோரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பம். (இன்றைய அறிவியல் நூல்கள் ஜூல் என்ற அலகைப் பயன்படுத்தும். ஒரு கலோரி என்பது சுமார் 4.2 ஜூல். மனக்கணக்குக்குக் கலோரிதான் வசதி.) இந்தக் கட்டுரையில் வரப்போகிற எல்லாக் கணக்கையும் இதை வைத்தே போட்டுவிடலாம்.

பத்தரை மணி நேரம் காத்திருந்தவர்

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, பனிக்கட்டியைப் பற்றி அறிஞர்கள் நினைத்துக்கொண்டிருந்தது இது: பனிக்கட்டியைச் சூடாக்கிக்கொண்டே வந்து, உருகும் வெப்பநிலையைத் தொட்டுவிட்டால் போதும். அதற்கு மேல் சிறிதளவு வெப்பம் கொடுத்தாலே முழுக்க நீராகிவிடும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் வேதியியலும் கற்பித்துவந்த ஜோசப் பிளாக் (1728–1799) இதைக் கேள்வி கேட்டார். அவருடைய வாதத்துக்கு ஆய்வகமே தேவைப்படவில்லை. அவர் ஊரில் குளிர்காலம் முழுக்க மலைகளில் பனி குவிந்து கிடக்கும். வசந்தம் வந்து வெயில் ஏறியதும், மேலே சொன்ன கருத்துப்படி, அத்தனை பனியும் சில நிமிடங்களில் நீராகிப் பெருவெள்ளமாக இறங்கி ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. பனி வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் கரைகிறது. அப்படியானால் உருகுவதற்கே பெருமளவு வெப்பம் தேவைப்படுகிறது என்றுதானே அர்த்தம்?

சந்தேகத்தோடு நிற்காமல் அதை அளந்தும் பார்த்தார். ஒரே மாதிரியான இரண்டு மெல்லிய கண்ணாடிக் குடுவைகள். இரண்டிலும் ஒரே எடை, ஐந்து அவுன்ஸ் தண்ணீர். ஒன்றை உறையவைத்துப் பனிக்கட்டியாக்கினார். மற்றதை உறையாமல், உறைநிலைக்குச் சற்று மேலே 33 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குளிர்வித்தார். (அவர் காலத்து அளவு ஃபாரன்ஹீட்; அதில் நீர் உறைவது 32-ல்.) இரண்டையும் 47 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருந்த ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார்.

தண்ணீர்க் குடுவை அரை மணி நேரத்தில் 33-லிருந்து 40 டிகிரிக்கு வந்துவிட்டது. பனிக்கட்டிக் குடுவை அதே 40-ஐத் தொடப் பத்தரை மணி நேரம் எடுத்துக்கொண்டது.

அப்புறம் அவர் போட்ட கணக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். கூடத்தின் காற்று அரை மணி நேரத்தில் தண்ணீருக்குக் கொடுத்தது 7 டிகிரிக்கான வெப்பம். பக்கத்திலேயே தொங்கும் பனிக்கட்டிக்கும் அதே வேகத்தில்தான் கொடுத்திருக்கும். பத்தரை மணி நேரத்தில் 21 அரை மணிகள்; 21 × 7 = 147. இதில் பனிக்கட்டி உருகி நீரான பிறகு 32-லிருந்து 40-க்கு ஏறச் செலவானது 8. மீதி 139. இந்த 139 டிகிரிக்கான வெப்பம் தர்மாமீட்டரில் எங்கேயும் தென்படாமல் உள்ளே போயிருக்கிறது.

செல்சியஸ் கணக்கில் இது 77. அதாவது ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 77 கலோரி. இன்று துல்லியமான கருவிகளால் அளந்து நாம் ஏற்றுக்கொண்டிருக்கும் மதிப்பு, ஏறக்குறைய 80. இரண்டு குடுவை, ஒரு தர்மாமீட்டர், ஒரு கடிகாரம், நிறையப் பொறுமை. இவற்றை வைத்துக்கொண்டு 1760-களின் தொடக்கத்தில் அவர் அவ்வளவு அருகில் வந்துவிட்டார். மறைந்திருக்கிற இந்த வெப்பத்துக்கு அவர் வைத்த பெயரின் தமிழாக்கம்தான் நம் 'உள்ளுறை வெப்பம்'. இதையெல்லாம் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தாரே தவிர, முறையாக நூலாக்கி வெளியிடவில்லை. அவருடைய விரிவுரைகள் அச்சானது 1803-ல், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து.

80 கலோரி என்பது சின்ன எண் இல்லை. பூஜ்ஜியம் டிகிரிப் பனிக்கட்டியைப் பூஜ்ஜியம் டிகிரித் தண்ணீராக்கச் செலவாகும் வெப்பத்தை வைத்து, அதே தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். கை வைக்க முடியாத சூடு அது.

இதை நம்பி ஒரு வியாபாரமே நடந்தது. சென்னை மெரினாவுக்கு எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லத்தின் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அந்தப் பகுதியை இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகர வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், அங்கே குளிர்காலத்தில் ஏரிகளிலிருந்து வெட்டியெடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார். அதைச் சேமித்துவைக்க 1842 வாக்கில் எழுந்தது சென்னையின் கட்டடம். முதல் கப்பல் அதற்கு முன்பே, 1833-ல் கல்கத்தாவுக்கு வந்தது. ஏற்றியது 180 டன். நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி, நான்கு மாதம் கடலில் கிடந்து, வந்துசேர்ந்தது சுமார் 100 டன்.

மரத்தூள் போட்டு மூடியிருந்ததால் வெப்பம் மெதுவாகத்தான் உள்ளே போனது, உண்மை. ஆனாலும் போகாமல் இல்லை. உருகிப்போன 80 டன்னுக்கு, கிராமுக்கு 80 கலோரி வீதம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே வெப்பம் 180 டன் தண்ணீரையும் சுமார் 35 டிகிரி சூடாக்கியிருக்கும். உள்ளுறை வெப்பம் என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் கல்கத்தாத் துறைமுகத்தில் டியூடர் இறக்கியிருக்கக்கூடியது வெதுவெதுப்பான ஏரித் தண்ணீர் மட்டுமே.

கிணற்று வாளி

சரி, அந்த வெப்பம் உள்ளே போய் என்னதான் செய்கிறது?

கிணற்றில் தண்ணீர் இறைப்பதை எடுத்துக்கொள்வோம். நிறைந்த வாளியை மேலே இழுக்கிறீர்கள். மூச்சு வாங்குகிறது. மேலே வந்த வாளி, அடியில் கிடந்த வாளியைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறதா? இல்லை, அங்கேயும் சும்மா கிடந்தது, இங்கேயும் சும்மா நிற்கிறது. அப்ப நீங்கள் போட்ட உழைப்பு வீணா? கயிற்றை விட்டுப் பாருங்கள், தெரியும். உழைப்பு அத்தனையும் உயரமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. வாளியின் வேகத்தை மட்டும் அளக்கும் கருவிக்கு அந்தச் சேமிப்பு தெரியாது.

தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து வரும் வெப்பம் அவற்றின் வேகத்தைக் கூட்டலாம். அப்போது வெப்பநிலை உயரும். அல்லது அந்தப் பிடியை எதிர்த்து அவற்றைப் பிரித்தெடுக்கலாம். இது வாளியை மேலே இழுப்பதுபோல. வேகம் கூடுவதில்லை, வெப்பநிலையும் உயர்வதில்லை, ஆனால் ஆற்றல் செலவாகிறது. பனிக்கட்டி உருகும்போதும், தண்ணீர் கொதிக்கும்போதும் உள்ளே போகும் வெப்பம் முழுக்க இந்த இரண்டாவது வேலையில்தான் போய்விடுகிறது.

பனிக்கட்டி நீராகும்போது பிடி கொஞ்சம்தான் தளர்கிறது. மூலக்கூறுகள் இடம்மாறி நழுவ முடிகிறதே தவிர, இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. நீர் ஆவியாகும்போது ஒவ்வொரு மூலக்கூறும் மற்றவற்றிடமிருந்து முழுசாகப் பிய்த்துக்கொண்டு போகணும். அதனால்தான் உருகுவதற்கு 80 கலோரி, 100 டிகிரியில் ஆவியாவதற்கு 540 கலோரி. ஏறக்குறைய ஏழு மடங்கு.

ஏன் சரியாக 100-ல் நிற்கிறது, 105-ல் நிற்கக்கூடாதா? தண்ணீர் 100-க்கு மேல் ஏற முயன்றால் ஆவியாதல் இன்னும் மும்முரமாகிறது. போகும் ஆவி தனக்குரிய 540 கலோரியை மிச்சமிருக்கும் தண்ணீரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. அதனால் தண்ணீர் மறுபடி 100-க்கே வருகிறது. அடுப்பைக் கூட்டினால் ஆவி வேகமாகக் கிளம்பும், அவ்வளவுதான். (இந்த 100 கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கானது. காற்றழுத்தம் குறைந்த ஊட்டியில் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைக் கூட்டும் குக்கருக்குள் 120 டிகிரி வரை போகும்.)

இட்லிப் பானையும் நீராவி எந்திரமும்

ஆவியாதலுக்கும் பிளாக் கணக்குப் போட்டார். தகரப் பாத்திரத்துத் தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து கொதிநிலையான 212-ஐ எட்ட 4 நிமிடம். முழுக்க வற்ற மேலும் 20 நிமிடம். நம் வீட்டு அடுப்பிலும் இதைச் செய்து பார்க்கலாம். 30 டிகிரித் தண்ணீரைக் கொதிக்கவைக்கக் கிராமுக்கு 70 கலோரி, வற்றவைக்க 540. கொதி வர 4 நிமிடம் ஆனால், அதே தீயில் முழுக்க வற்ற அரை மணி நேரம் ஆகும். (பாத்திரம் கருகும்வரை விட்டுவிட்டு என்னைத் திட்ட வேண்டாம்.)

இதில் நேரடியாகக் காசு இருக்கிறது. கொதி வந்தபிறகும் முழுத் தீயில் வைத்தால் உள்ளே இருக்கும் உருளைக்கிழங்கு சீக்கிரம் வேகாது. தண்ணீர்தான் 100-ஐத் தாண்டப்போவதில்லையே. கூடுதல் தீ அத்தனையும் தண்ணீரை ஆவியாக்கி ஜன்னல் வழியாக அனுப்பத்தான் செலவாகும். ஒரு லிட்டரை அப்படி வற்றவைக்கச் சுமார் 80 கிராம் கேஸ் வேண்டும். 'கொதி வந்துடுச்சு, சிம்ல வை' என்று சமையலறையிலிருந்து வரும் குரலில் இந்த இயற்பியல் முழுசாக இருக்கிறது.

இப்போது வாளிக் கயிற்றை விட்டுவிடுவோம். ஆவி குளிர்ந்த பொருள்மேல் பட்டு மறுபடி நீராகும்போது, வாங்கிவைத்திருந்த 540 கலோரியையும் அங்கேயே கொட்டிவிடுகிறது. இட்லி வேகிறதே, இதனால்தான். 50 கிராம் மாவை 30-லிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 3000 கலோரி போதும். 5 அல்லது 6 கிராம் நீராவி, அதாவது ஒரு டீஸ்பூன் தண்ணீரின் ஆவி, மாவின்மேல் படிந்து நீரானால் அந்த வெப்பம் வந்துவிடும். தட்டு தண்ணீரைத் தொடவே இல்லை, ஆனாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இட்லி தயார்.

மூடியைத் திறக்கும்போது கையில் அடிக்கும் ஆவி, கொதிநீரைவிட மோசமாகப் பொசுக்குவதும் இதே காரணத்தால்தான். 100 டிகிரித் தண்ணீர் ஒரு கிராம் தோலில் பட்டு 37 டிகிரிக்குக் குளிரும்போது 63 கலோரி கொடுக்கும். 100 டிகிரி ஆவி ஒரு கிராம், முதலில் 540, அப்புறம் அதே 63, மொத்தம் 603. தர்மாமீட்டர் இரண்டுக்கும் 100 என்றே காட்டும். ஆனால் கைக்கு வந்துசேரும் வெப்பத்தில் ஒன்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

இதைக் கண்டு வியந்த இன்னொருவர் ஜேம்ஸ் வாட். அதே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். 1763–64 குளிர்காலத்தில் அவர் கைக்கு வந்த பழைய நியூகமன் நீராவி எந்திரத்தின் சிறு மாதிரி, அநியாயத்துக்கு ஆவியைக் குடித்தது. சோதித்துப் பார்த்தபோது, ஆவியானது தன் எடையைப்போல் ஆறு மடங்கு குளிர்நீரைக் கொதிக்கவைக்கக்கூடியது என்று கண்டார். இது எப்படி என்று பிளாக்கிடம் கேட்க, அவர் உள்ளுறை வெப்பத்தை விளக்கினார். அந்த எந்திரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் உருளைக்குள் குளிர்நீர் தெளித்து ஆவியை நீராக்குவார்கள். அதில் உருளையும் குளிர்ந்துவிடும். அடுத்த சுற்றில் வரும் ஆவியில் பெரும்பங்கு உருளையைச் சூடாக்குவதிலேயே வீணாகும். உருளையைச் சூடாகவே விட்டுவிட்டு, ஆவியைத் தனியாக வேறொரு அறையில் குளிர்வித்தால் என்ன என்று 1765-ல் வாட்டுக்குத் தோன்றியது. 1769-ல் காப்புரிமை வாங்கினார். தொழிற்புரட்சியை ஓட்டிய எந்திரம் அந்த யோசனையிலிருந்து வளர்ந்தது.

கொதிக்காமலே ஆவியாவது

இதுவரை பார்த்த ஆவியாதல் 100 டிகிரியில். ஆனால் கொடியில் காயும் துணி 100 டிகிரிக்குப் போவதில்லையே. எந்த வெப்பநிலையிலும் நீரின் மேற்பரப்பில் சில மூலக்கூறுகள் சராசரியைவிட வேகமாக இருக்கும். அவை பிடியை உதறிவிட்டுப் பறந்துவிடும். வேகமானவை போனதால் மிச்சமிருப்பவற்றின் சராசரி வேகம் குறைகிறது. அதாவது தண்ணீர் குளிர்கிறது. இப்படிச் சாதாரண வெப்பநிலையில் ஆவியாவதற்குக் கிராமுக்கு இன்னும் அதிகம், சுமார் 580 கலோரி தேவை.

மண்பானை செய்வது இதைத்தான். நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. பானையிலிருக்கும் தண்ணீரில் நூற்றில் ஒரு பங்கு ஆவியானாலே, வெளியிலிருந்து வெப்பம் வராதவரை, மீதி 99 பங்கும் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிர்ந்துவிடும்.

ஆனால் மழைக்காலத்தில் அதே பானையில் தண்ணீர் அவ்வளவாகக் குளிராது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால், நீரைவிட்டு வெளியே போகும் மூலக்கூறுகளுக்கு ஈடாகக் காற்றிலிருந்து மூலக்கூறுகள் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டே இருக்கும். நிகரமாக ஆவியாவது குறைந்துபோகும்.

மனித உடம்பும் இந்த விஷயத்தில் ஒரு மண்பானைதான்.

வியர்வையின் கணக்கு

ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடணும் என்று டாக்டர்கள் சொல்வது கிலோகலோரியை. நம் கணக்கில் அது 20 லட்சம் கலோரி. இதில் ஏறக்குறைய எல்லாமே கடைசியில் வெப்பமாகத்தான் உடம்பைவிட்டு வெளியேறியாகணும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் மணிக்கு 80 கிலோகலோரிக்கு மேல்.

காற்று 25 டிகிரியில் இருந்தால் பிரச்சினை இல்லை. 33, 35 டிகிரியில் இருக்கும் தோலிலிருந்து வெப்பம் தானாகவே காற்றுக்குப் போய்விடும். காற்றும் 35-க்கு வந்துவிட்டால் அந்த வழி அடைபடும். அப்புறம் மிச்சமிருப்பது வியர்வை மட்டுமே. 80 கிலோகலோரியை வெளியேற்ற, மணிக்கு 140 மில்லி வியர்வை ஆவியானால் போதும். மண்வெட்டி பிடித்து வேலைசெய்பவர் உடம்பு அதைப்போல் நான்கு மடங்கு வெப்பத்தை உண்டாக்கும். அவருக்கு மணிக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டும்.

'ஆவியானால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். குளிர்ச்சி வருவது வியர்ப்பதால் அல்ல, வியர்வை ஆவியாவதால். புருவத்திலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வை உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் எடுத்துக்கொண்டு போகிறதே தவிர, 580 கலோரியை எடுத்துப் போவதில்லை.

ஆவியாக முடியாவிட்டால் என்ன ஆகும்? 60 கிலோ எடையுள்ள உடம்பை ஒரு டிகிரி சூடாக்க 50 கிலோகலோரி போதும். மணிக்கு 80 கிலோகலோரி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கினால், சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடல் வெப்பநிலையும் மணிக்கு ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறும். 37-ல் தொடங்கினால் இரண்டு மணி நேரத்தில் 40. வெப்பத்தாக்கு என்று மருத்துவர்கள் அஞ்சும் எல்லை அது.

இப்போது இரண்டு ஊர்களை வைத்துக்கொள்வோம். முதல் ஊரில் 42 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 20 சதவீதம். இரண்டாவது ஊரில் 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். எந்த ஊர் ஆபத்து? தொலைக்காட்சிச் செய்தியில் முதல் ஊரைத்தான் சிவப்பு எழுத்தில் போடுவார்கள்.

ஆவியாதல் பக்கமிருந்து பாருங்கள். 35 டிகிரித் தோலை ஒட்டி இருக்கும் நிறைஈரக் காற்றில், கன மீட்டருக்கு சுமார் 40 கிராம் நீராவி இருக்கும். முதல் ஊரின் காற்றில் இருப்பது 11 கிராம், இடைவெளி 29. இரண்டாவது ஊரின் காற்றில் 28 கிராம். இடைவெளி வெறும் 12. வியர்வை ஆவியாவதைத் தள்ளிவிடுவது இந்த இடைவெளிதான். இரண்டாவது ஊரில் அது பாதிகூட இல்லை.

இதை ஒரே எண்ணில் காட்ட ஒரு எளிய வழி உண்டு. தர்மாமீட்டரின் குமிழை ஈரத்துணியால் சுற்றி, விசிறிக் காற்றில் வையுங்கள். நீர் ஆவியாகி எவ்வளவு குளிர முடியுமோ அவ்வளவு குளிர்ந்து ஓரிடத்தில் நிற்கும். அது ஈரக்குமிழ் வெப்பநிலை. வியர்த்த உடம்பு இந்தக் காற்றில் அதிகபட்சம் எதுவரை குளிர முடியும் என்பதற்கான அளவு அது. முதல் ஊரில் 24 டிகிரி. இரண்டாவது ஊரில் 30.

ஈரக்குமிழ் வெப்பநிலை 35-ஐ எட்டினால், நிழலில் உட்கார்ந்து எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் ஆரோக்கியமான மனிதர்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010-ல் ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹ்யூபர் இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் கணக்கிட்டுச் சொன்னார்கள். 2022-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளம் வயதினரை வைத்துச் சோதித்தபோது, ஈரமான காற்றில் 31 டிகிரி வாக்கிலேயே உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியதைக் கண்டார்கள். வியர்க்கும் திறன் குறைந்த முதியவர்களுக்கு எல்லை இன்னும் கீழே. நம் இரண்டாவது ஊரின் 30, அந்த 31-லிருந்து ஒரே ஒரு டிகிரி தள்ளி இருக்கிறது.

42 டிகிரி பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. அங்கே காற்றே உடம்பைச் சூடாக்கும், தண்ணீர் குடிக்காமல் இருந்தால் வியர்க்க நீரிருக்காது, நேர் வெயில் தனி ஆபத்து. ஆனால் அங்கே தண்ணீரும் நிழலும் கிடைத்தால் வியர்வை தன் வேலையைச் செய்யும். கடலோர ஊர்களில், காற்று நின்றுபோன ஒரு புழுக்கமான பிற்பகலில், 'இன்னிக்கு 35 தானே, போன வாரத்துக்கு எவ்வளவோ தேவலை' என்று சொல்லி ஒருவரைக் கான்கிரீட் தளத்தில் வேலைக்கு நிறுத்தும்போது, நாம் தர்மாமீட்டர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர் உடம்பைக் காப்பாற்றுகிற வெப்பப் பரிமாற்றமோ, தர்மாமீட்டருக்குத் தெரியாத அந்த 580 கலோரியில் நடக்கிறது.

வெயிலில் ஒருவர் தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ, உடனே 108-ஐ அழைத்துவிட்டு நிழலுக்குக் கொண்டுபோங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்கி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி நனைத்து, கைக்குக் கிடைத்த அட்டையை எடுத்து விசிறுங்கள். கனமான ஈரப்போர்வையால் மூடிப் போட்டுவிட்டால் ஆவி வெளியேற வழி இருக்காது. நனைப்பது வியர்வைக்குப் பதில். விசிறுவது, தோலை ஒட்டித் தேங்கிய ஈரக் காற்றைத் தள்ளிவிட்டு அடுத்த கிராம் ஆவிக்கு இடம்விடுவதற்கு.

கைபேசியில் வானிலை பார்க்கும்போது பெரிய எழுத்தில் வெப்பநிலை இருக்கும். அதற்குக் கீழே, பெரும்பாலும் சின்ன எழுத்தில், ஈரப்பதம் என்று ஒரு சதவீதம் இருக்கும். கோடையில் வெளிவேலைக்கு ஆளனுப்புவதற்கு முன்னால், வயதானவர்களைத் தனியாக வீட்டில் விட்டுப் போவதற்கு முன்னால், அந்தச் சின்ன எழுத்தையும் சேர்த்துப் படித்துவிடுங்கள்.